கட்டச் சொன்னோம், கல் கொடுத்தோமா?

"ஆசிரியர் கற்பிக்க வேண்டுவதில்லை, பிள்ளை தானே கற்றுக்கொள்ளும்!"

பயிற்சி முகாம்களிலே இம்மொழி முழங்கக் கேட்கிறோம். கருத்தாளர்கள் கனிவோடு கூறுகின்றனர். கல்வியியல் கல்லூரி மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர். இதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'கட்டமைப்புக் கோட்பாடு.' அறிவு என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கி மடியிலே முடிந்துகொள்ளும் பண்டம் அன்று. கற்பவன் தன் பட்டறிவைக் கொண்டு, தன் கருத்திலே, தானே எழுப்பிக்கொள்ளும் கட்டடம் என்பது அதன் உட்பொருள். பேராசிரியர் யஷ்பால் தலைமையிலே உருவான 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, குழந்தையை அறிவைக் கட்டுபவள் என்றே ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர் இந்தச் சொல் இல்லாத கல்வி அறிக்கை இல்லை, கருத்தரங்கு இல்லை.

கோட்பாட்டைக் குறைகூற நான் எழுத முற்படவில்லை. கோட்பாட்டின் பெயரால் வகுப்பறையிலே நடப்பதையும், அந்நடப்பினால் யார் வீட்டுப் பிள்ளை வீணாகிறான் என்பதையும் பேசவே முற்படுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றென்று எண்ணிவிட்டதனால் வந்த விளைவுதான் மேலே கண்ட முழக்கம்.

முதலிலே கோட்பாட்டுக்குரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். சுவிட்சர்லாந்து நாட்டிலே 1896இல் பிறந்த ஜான் பியாஜே, நத்தை இனங்களை ஆராய்ந்து 1918இல் முனைவர் பட்டம் பெற்றவர். பாரிசுக்குச் சென்றார். ஆங்கில நாட்டு உளவியலார் பர்ட் வகுத்த அறிவுத்திறன் வினாக்களைப் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஏற்ப ஒழுங்குசெய்யும் பணி அவருக்குத் தரப்பட்டது. விடை சரியா, தவறா என்று குறித்து எண்ணிக் கூட்டுவதே வேலை. அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் அவர் கண் வேறிடத்திலே பாய்ந்தது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே விதமான தவறுகளைச் செய்கின்றனரே, ஏன்? தவறு என்பது அறிவின்மை அன்று. வேறொரு வகை அறிவு, தனக்கென ஒழுங்குடைய அறிவு என்பது அவருக்குப் புலனாயிற்று. அகன்ற குவளையிலே இருக்கும் தண்ணீரைப் பிள்ளையின் கண்ணெதிரிலேயே ஒடுங்கிய நெடுங்குவளையிலே ஊற்றிக் காட்டினால், ஐந்து வயதுப் பிள்ளை, "இதில்தான் தண்ணீர் அதிகம்" என்று உறுதியாகச் சொல்லும். அடித்தாலும் அதட்டினாலும் அந்த எண்ணம் மாறாது. உயரத்தையும் அகலத்தையும் ஒருசேர எடைபோடும் கருத்து உள்ளே உருவானால்தான் மாறும்.

(பிற்காலத்தார் பியாஜேயையும் சும்மா விடவில்லை. பொருள்களை வரிசை மாற்றி அடுக்குபவர் பெரியவராக இல்லாமல் ஒரு குறும்புக்காரப் பொம்மையாக இருந்துவிட்டால், மிகப்பல பிள்ளைகள் சரியான விடையே சொல்கின்றனர் என்று மார்கரெட் டொனால்ட்சன் முதலியோர் 1970களிலே காட்டினர். பிள்ளை, வினாவை மட்டுமன்று, வினவுபவரின் முகத்தையும் படிக்கிறது!)

பகுத்தறிவு நாட்டமுடையோர்க்கு இக்கோட்பாடு இனிப்பது இயல்பே. ஓது, ஒப்பி, வினவாதே என்று நெடுங்காலம் வளர்ந்த முறைக்கு இது சம்மட்டி அடி. சொல்லப்பட்டது என்பதனால் ஒன்று மனத்திலே பதிந்துவிடுவதில்லை என்பதற்கு இது தந்த சான்றுகள் எத்தனை! அமெரிக்காவிலே இல்லினாய் மாநிலத்தில் வொஸ்னியாடு, புரூவர் எனும் இருவர் 60 பிள்ளைகளை உசாவி 1992இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பூமி உருண்டை என்று அந்தப் பிள்ளைகள் அனைவரும் பள்ளியிலே கேட்டவர்களே. ஆனால் கண்ணுக்குத் தெரிவது தட்டை நிலம். என் செய்வர்? ஒரு பிள்ளை, பூமி தோசைக்கல் போல வட்டம் என்று கொண்டது. இன்னொன்று, உள்ளே குடைந்த உருண்டை, நாம் அதனுள்ளே தட்டைத் தரையிலே வாழ்கிறோம் என்றது. மற்றொன்றோ, பூமி இரண்டு, உருண்டையானது வானத்திலே இருக்கிறது, நாம் இருப்பது வேறு என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. ஆசிரியர் சொன்னதை அப்பிள்ளைகள் மறுக்கவில்லை; தம் கண் சொன்னதோடு அதை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டனர்.

சிறுபிள்ளைகள்தானே என்பீரோ? ஆர்வர்டு பல்கலைக்கழகத்திலே பட்டமளிப்பு விழா நாளிலே, மேலங்கி அணிந்து நின்ற பட்டதாரிகளையும் பேராசிரியர்களையும் வினவி 1987இல் ஒரு படம் எடுத்தனர். கோடை ஏன் வெப்பமாயிருக்கிறது, நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது? 23 பேரிலே 21 பேர் தடுமாறினர். பூமி சூரியனுக்கு அண்மையிலே வருவதால் கோடை வருகிறது என்றனர் பலர். உண்மை யாது? பூமி சூரியனுக்கு மிக அண்மையிலே வருவது சனவரித் தொடக்கத்திலே! நமக்கு மார்கழிக் குளிர், அவர்கட்கோ பனிக்காலம். அடுப்பருகே சென்றால் சுடும் என்று குழந்தைப் பருவத்திலே கட்டிய கருத்து, பல்கலைக்கழகத்தின் பாடம் அத்தனைக்கும் அசையாமல் நின்றது.

ஆக, பிள்ளையின் உள்ளத்திலே முன்னரே என்ன இருக்கிறது என்று அறியாமல் பேசிக்கொண்டே போகும் ஆசிரியர், பூட்டிய வீட்டின் வாயிலிலே நின்று சொற்பொழிவாற்றுகிறார். இதுவரை கோட்பாடு சொல்வது முற்றும் உண்மை.

இனித்தான் வழுக்கல் நிலம் வருகிறது.

'பிள்ளை தானே அறிவைக் கட்டுகிறது' என்பது, கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பற்றிய கூற்று. 'ஆகவே ஆசிரியர் எதையும் எடுத்துச் சொல்லலாகாது' என்பது, கற்பிப்பது எவ்வாறு என்பதைப் பற்றிய கட்டளை. முன்னதிலிருந்து பின்னது எவ்வழியில் பிறந்தது? எந்த அளவைநூலில் இதற்கு இடமுண்டு? ஒருவன் சொற்பொழிவைக் கேட்கும்போதும் உள்ளே கட்டிக்கொண்டுதான் இருக்கிறான்; நூலைப் படிக்கும்போதும் அப்படியே. கைகால் அசைந்தால்தான் கருத்து அசையும் என்று பியாஜே சொல்லவில்லை. அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் நாற்பது பிள்ளைகளின் வகுப்பிலே நாற்பது கத்தரிக்கோல்கள் அசைவதை நான் காண்கிறேன். கருத்து எத்தனை அசைகிறது என்பது தனி வினா.

ஓர் எடுத்துக்காட்டு. 2019ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் வளைய சூரிய கிரகணம். கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சிப் பகுதிகளிலே நெருப்பு வளையம் நன்றாகவே தெரிந்தது. அன்று பல வீடுகளிலே பிள்ளைகளை உள்ளே பூட்டிவைத்தனர். தட்டிலே தண்ணீர் ஊற்றி அதிலே உலக்கையை நிறுத்தினர். கிரகண நேரத்திலே உலக்கை தானாக நிற்கும், கிரகணம் விட்டால் விழும் என்பது நம்பிக்கை. நான் எட்டாம் வகுப்பிலே கிரகணப் பாடம் எடுத்தபோது, ஒரு மாணவி எழுந்து உறுதியோடு சொன்னாள்: "நின்றது ஐயா, என் கண்ணால் பார்த்தேன்."

இங்கே மூன்று வகை ஆசிரியர்களை நிறுத்திப் பாருங்கள். முதலாமவர், "அது மூடநம்பிக்கை, உட்கார்" என்பார். அவள் உட்காருவாள், தேர்விலே 'மூடநம்பிக்கை' என்று எழுதி மதிப்பெண் பெறுவாள், அடுத்த கிரகணத்திலே உலக்கையை நிறுத்துவாள். அவள் கண்ட காட்சிக்கு நம் பாடத்திலே விடையில்லையே! இரண்டாமவர் புதுமைக்காரர். "நீயே ஆய்ந்து கண்டுபிடி" என்று விட்டுவிடுவார். அவள் கிரகணம் வரும்வரை காத்திருப்பாள், உலக்கையை நிறுத்துவாள், அதுவும் நிற்கும்! நின்றதைத் தானே கண்டாள், தானே கண்டுபிடித்தாள், தானே கட்டிக்கொண்டாள். எதை? பழைய மடமையை, அதுவும் இம்முறை ஆய்வு முத்திரையோடு!

மூன்றாமவர் என்ன செய்வார்? "நின்றது உண்மை. கிரகணம் இல்லாத நாளில் நிறுத்திப் பார்த்ததுண்டா?" என்று கேட்பார். பள்ளியிலே ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, சத்துணவுக் கூடத்துத் தட்டும் யாரோ ஒருவர் வீட்டு உலக்கையும் வந்தன. மூன்று முறை சாய்ந்தது. நான்காம் முறை, பூண் கட்டிய அடி சமனாக அமர்ந்தது, நின்றது. வானத்திலே ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. வகுப்பிலே எழுந்த ஆரவாரத்தைக் கேட்டுத் தலைமையாசிரியர் வந்து எட்டிப் பார்த்தார்.

அந்த வினா — 'கிரகணம் இல்லாத நாளில்?' — இதுதான் கல். மற்றவை எல்லாம் அப்படியே இருக்க, ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பது மனித இனம் நெடுங்காலம் முயன்று அடைந்த முறை. அதை எல்லாப் பிள்ளைகளும் தாமே கண்டறிந்துவிடுவர் என்பது ஆசை. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. கிளார், நிகம் எனும் இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்விலே, சரிவுப் பலகையிலே பந்து உருட்டும் கருவியை மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தனர். ஒரு பாதிக்கு, ஒரு நேரத்திலே ஒன்றை மட்டும் மாற்றுவது எப்படி, ஏன் என்று எடுத்துக்காட்டோடு சொல்லித் தந்தனர். மறுபாதியை அதே கருவியோடு தாமே கண்டறிய விட்டனர். சொல்லித் தரப்பட்டோரிலே நூற்றுக்கு 77 பேர் தேர்ச்சி. தாமே கண்டறிய விடப்பட்டோரிலே 23 பேர். அதைவிட நம் சிந்தனைக்குரியது வேறொன்று: பின்னர், பிறர் செய்த ஆய்வுகளின் குறைகளைக் கண்டு சொல்லச் சொன்னபோது, தாமாகக் கண்டறிந்த அந்தச் சிலரும், சொல்லித் தரப்பட்ட அந்தப் பலரும் ஒரே திறத்தோடு செய்தனர். தானாகக் கண்டதுதான் ஆழமாக நிற்கும் என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

இதைக் கொண்டு பழைய பிரம்புக்கார வாத்தியார் மகிழ வேண்டா. அல்பியேரி முதலியோர் 164 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் கண்ட முடிவு இரண்டு பக்கமும் வெட்டும். துணையின்றித் தேட விடுவது, தெளிவாகக் கற்பிப்பதிடம் தோற்றது. ஆனால் உடனிருந்து, வினவி, திருத்தி, விளக்கச் சொல்லித் தேட வைத்தது, வெறுமனே சொல்லிக்கொடுத்ததையும் வென்றது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா அறிவும் ஒரே வகையன்று. தண்ணீரின் அளவைப் பிள்ளை தானே எண்ணித் தெளியலாம். 'ஐ' என்ற ஒலிக்கு 'ை' என்பது குறி என்று எந்தப் பிள்ளை எந்த ஆற்றங்கரையிலே கண்டறியும்? அது இயற்கை அன்று. மக்கள் வகுத்த வழக்கு. வழக்கு என்பதனால்தான் 1978இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவை மாற்றி ஆணையிட முடிந்தது. அணுவின் எடையை எந்த அரசாணையாலும் மாற்ற முடியாதே! மக்கள் வழக்காக வரும் அறிவை மக்களிடமிருந்துதான் பெற வேண்டும் என்று பியாஜேயே பிரித்துக் காட்டியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே, எழுத்தையும் வாய்பாட்டையும் சொல்லித் தருவது பாவம் என்பது எவ்வகை நேர்மை?

இப்போது நெஞ்சைத் தொடும் இடத்துக்கு வருகிறேன், தோழர்களே. 'சொல்லித் தராதே' என்ற கட்டளையினால் யாருக்கு நட்டம்? வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கா? அவனுக்குப் பள்ளி சொல்லித் தராவிட்டால் தாய் சொல்லித் தருவாள். தாய்க்கு நேரமில்லையேல் தனிப்பயிற்சி ஆசிரியர் வருவார். செங்கற்சூளையிலே பணியாற்றும் தாயின் மகனுக்கு? பள்ளியிலே சொல்லப்படாதது அவனுக்கு எங்குமே சொல்லப்படாது. 2012-13ஆம் கல்வியாண்டிலே முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீடு வந்தது. 40 மதிப்பெண் அதற்கு. செயல்திட்டங்கள் குவிந்தன. நோக்கம் நன்று. நடந்தது யாது? எழுதுபொருள் கடைகளிலே படத்தாள்கள் விற்பனையாயின. 'தேசத் தலைவர்கள் ஒரு தாள், நீரின் சுழற்சி ஒரு தாள்' என்று கணினி மையத்திலே அச்சிட்டு வாங்கி ஒட்டிய பிள்ளைக்கு 'அருமை'. வாங்கக் காசில்லாத பிள்ளைக்குத் தலைகுனிவு. பிள்ளை கட்டிய அறிவுக்கு மதிப்பெண் என்றார்கள். பெற்றோர் கட்டிய பணத்துக்கு மதிப்பெண் விழுந்தது. வெள்ளை நடுத்தர வீடுகளின் வழக்குகள் வெளிப்படையாகச் சொல்லித் தரப்படாதபோது கருப்பினப் பிள்ளைகளே இழப்புக்கு ஆளாகின்றனர் என்று அமெரிக்கக் கல்வியாளர் லிசா டெல்பிட், 1995இல் வெளிவந்த 'பிறர் வீட்டுப் பிள்ளைகள்' என்ற நூலிலே எழுதினார். நூலின் தலைப்பே நம்மை நோக்கிச் சுடவில்லையா?

இக்கோட்பாட்டின் மற்றொரு தந்தையாகிய வைகாட்ஸ்கியை நம் கருத்தாளர்கள் ஒழுங்காகப் படித்திருந்தால் இத்தனை வழுக்கல் நேர்ந்திராது. பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்தவர். காசநோயால் 37ஆம் வயதில், 1934இல் மறைந்தவர். 1936இல் சோவியத்து கட்சியின் ஆணை அவர் சார்ந்த துறையையே முடக்கியது. இருபது ஆண்டுகள் அவர் எழுத்து இருட்டிலே கிடந்தது. அவர் சொன்னது: பிள்ளை இன்று தனியே செய்யக்கூடியது ஒன்று, அறிந்தவர் துணையோடு செய்யக்கூடியது அதற்கு அப்பால் ஒன்று, கற்பித்தலுக்கு உரிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவே. பின்னாளிலே, 1976இல், உட், புரூனர், ராஸ் மூவரும் இத்தகைய துணைக்கு ஒரு பெயரிட்டனர். கொத்தனார் மொழியிலே சொன்னால், சாரம். சுவர் எழும்பும்வரை சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டி நிற்கும் அதே சாரம்தான். சுவர் எழுந்தபின் அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்காவிட்டால் அது வீடன்று. ஆனால் சாரமே கட்டாமல், "ஏறு தம்பி, மேலே கட்டு" என்றால் அது கொலை!

அம்பேத்கர் கொலம்பியாவிலே யாரிடம் பாடம் கேட்டாரோ அந்த ஜான் டூயியும், செய்து கற்றலின் பெருந்தலைவர் என்று எல்லாரும் கொண்டாடும் அவரும், 1938இல் 'அனுபவமும் கல்வியும்' என்ற சிறு நூலிலே தம் அன்பர்களைத்தான் கண்டித்தார். வழிகாட்டினாலே விடுதலை பறிபோகும் என்று அஞ்சி ஆசிரியர் ஒதுங்கி நிற்பதை அவர் ஏற்கவில்லை.

நம் மாநிலத்துக் கதையையும் நடுநிலையோடு பார்ப்போம். ஆந்திரத்து ரிஷிவேலியிலே கிராமப் பள்ளிகளுக்கென உருவான அட்டை முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளிலே செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2007-08இல் மாநிலத்தின் அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிற்று. பாயிலே வட்டமாக அமர்தல், பிள்ளையின் கைக்கு எட்டும் கரும்பலகை, நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு தரையிலே அமரும் ஆசிரியர். இதை எளிதென்று எண்ணாதீர். முன் வரிசை, பின் வரிசை என்று இருந்த இடத்திலே வட்டம் வந்தது. வட்டத்திலே பின் வரிசை ஏது? அந்த ஒரு மாற்றத்துக்காகவே அம்முறையை வணங்கலாம். பத்து நாள் வேலைக்குப் பெற்றோரோடு வெளியூர் போன பிள்ளை, திரும்பி வந்து விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம் என்பதும் ஏழைக்கு உதவும் ஏற்பாடு. ஆனால் அதனைக் கட்டமைப்புக் கோட்பாட்டின் வெற்றி என்று விளம்பரம் செய்ததிலே எனக்கு உடன்பாடில்லை. ஏணியும் அட்டையும் மேலிருந்து வகுக்கப்பட்ட வரிசை. இந்த அட்டைக்குப் பின் அந்த அட்டை, பிறழக் கூடாது. பிள்ளைக்குக் கிட்டிய விடுதலை, வேகத்திலே, கருத்திலே அன்று. அட்டையை முடித்துவிட்டேன் என்று ஓடிவரும் பிள்ளையிடம், "ஏன் அப்படி?" என்று கேட்க ஆசிரியருக்கு நேரம் கிடைத்த பள்ளிகளிலே அது மலர்ந்தது, கிடைக்காத பள்ளிகளிலே பாடநூல் போய் அட்டை வந்தது, அவ்வளவே.

இன்னொரு வாதமும் உலவுகிறது. அதை நாம் அஞ்சாமல் எதிர்க்க வேண்டும். எர்ன்ஸ்ட் வான் கிளாசர்ஸ்பெல்ட் என்பார், நம் அறிவு உலகத்தின் கண்ணாடிப் படிமம் அன்று, நம் அனுபவத்துக்குப் பொருந்தி நிற்கும் கருவியே என்று 1970களிலே வாதிட்டார். பொருந்துகிறதா என்ற சோதனையை அவர் கைவிடவில்லை. அவர் பெயரைச் சொல்வோரோ சோதனையைக் கைவிட்டு, "ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் உண்மை, தவறான விடை என்று ஒன்றில்லை" என்று வகுப்பறைக்கு வந்தனர். அப்படியானால் சோதிடரின் உண்மையும் வானியலாரின் உண்மையும் சம எடையா? உலக்கை நின்றதென்ற அவள் உண்மையை மதித்து, வாளாவிருந்துவிட வேண்டுமா? பிள்ளையை மதிப்பது வேறு. பிள்ளையின் பிழையைப் போற்றிப் பாதுகாப்பது வேறு. பிழையைத் திருத்தும் உரிமை பிள்ளைக்கு உண்டென்று கருதுவோரே பிள்ளையை உண்மையில் மதிப்போர்.

இவையெல்லாம் நம் கல்வியியல் கல்லூரிகளிலே பேசப்படலாகாதா? அங்கே நடப்பதைச் சொன்னால் சிரிப்பீர். அறிவைக் கொடுக்க முடியாது, கட்டத்தான் முடியும் என்று விரிவுரையாளர் சொல்லச் சொல்ல, மாணவர்கள் வரி பிசகாமல் எழுதிக்கொள்வர். 'கட்டமைப்புக் கோட்பாட்டின் இயல்புகளை விவரி' என்று வினா வரும். கடையிலே விற்கும் வழிகாட்டி நூலிலிருந்து ஏழு இயல்புகளை உருப்போட்டு எழுதினோர்க்கு முழு மதிப்பெண். மனப்பாடத்தைச் சாடும் கோட்பாடே மனப்பாடமாகிறது! அதற்கு மாற்றாக ஒரு தேர்வு வைத்துப் பாருங்கள்: ஒரு பருவம் ஒரே பள்ளியிலே இருந்து, ஒரே பிள்ளையின் ஐம்பது தவறான விடைகளைத் திரட்டி, ஒவ்வொரு தவறும் எவ்வாறு பிறந்தது, அதை அசைக்க என்ன வினா கேட்டீர், அசைந்ததா என்று எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாரிசிலே பியாஜே தொடங்கிய வேலை அதுதான். அந்தத் தேர்வுக்கு வழிகாட்டி நூல் அச்சிட எந்தக் கடைக்காரராலும் முடியாது.